லாம்டா தந்த அலான்சோ சர்ச்

நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எல்லோரும் எழுதும் பெயர்களே என் நினைவுக்கும் வந்தன. சர் சி.வி. இராமன், இராமானுஜன், டாக்டர் அப்துல் கலாம்... இவர்களைப் பற்றி நன்றாக எழுத வேறு பல பேர் இருக்கிறார்கள். ஆகவே, நம் கம்ப்யூட்டர் பிரிவில் தினந்தோறும் பயன்படுத்தியும் யாரென்று கேட்டறியாத ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் பெயர் அலான்சோ சர்ச். பெயரைச் சொன்னதும் என் தோழி, அது எந்த ஊர் சர்ச்சுடி என்றுதான் கேட்டாள்! மாதா கோயில் இல்லை தாயே, மனுஷன். அமெரிக்கக் கணித அறிஞர். 1903-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர்.

இவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது பாடப்புத்தகம் அல்ல. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி!

அயனம்பாக்கத்தில் ஏரிக்கரைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு. மாடியில் தொட்டி, அதற்கு ஏற ஓர் இரும்பு ஏணி. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்பாதான் ஏறுவார். அப்பாவுக்கு இடது கண் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பொறி தெறித்துக் கண் போயிற்று. கண்ணாடி கொடுத்துத்தான் இருந்தாங்க. வேர்வையில மங்குதுன்னு நெத்தி மேல ஏத்தி வச்சிருந்தாராம். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாக மட்டுப்படாது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதே சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட வைத்துத்தான் ஊற்றுவார். அப்படிப்பட்டவர் ஏணியில் ஏறினால் வயிற்றில் புளியைக் கரைக்குமா, கரைக்காதா?

ஆகவே மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் என்றதும், நானும் இரண்டு தோழிகளும் தொட்டி நீர்மட்டம் காட்டும் கருவியையே எடுத்துக்கொண்டோம். தொட்டி மூடியில் ஓர் அல்ட்ராசானிக் சென்சார், கூடத்தில் ஒரு சின்ன டிஸ்ப்ளே, நடுவில் ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு. புரோகிராம் சி பிளஸ் பிளஸ்ஸில். ஐந்து விநாடிக்கு ஒரு முறை டைமர் எழுப்பும். எழுப்பியதும் ஒரு லாம்டா ஃபங்ஷன் ஓடிச் சதவீதத்தைக் கணக்கிட்டுக் காட்டும். லேப்பில் வாளித் தண்ணீரை வைத்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, வை-ஃபை பகுதியையும் சேர்த்து மாட்டினோம். முதலில் 62 சதவீதம் என்றது. சற்று நேரத்தில் 4 என்றது. அப்புறம் 31 ஆயிரத்துச் சொச்சம்! நாங்கள் மூவரும் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, போங்கம்மா நானே பாத்துட்டு வரேன்னு அப்பா ஏணியில் ஏறிவிட்டார். மூன்றாம் படியில் வைக்க வேண்டிய காலைக் காற்றில் வைத்தார். அம்மா கீழே நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

தப்பு எங்கே என்று தேடியபோது அது லாம்டாவில் இருப்பது தெரிந்தது. சரி, இந்த லாம்டா என்ற பெயர் யார் வைத்தது என்று தேடப்போய்த்தான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

அலான்சோ சர்ச் பிறந்தது 1903 ஜூன் 14-ஆம் நாள், வாஷிங்டன் நகரில். தந்தை அங்கே நகர நீதிமன்ற நீதிபதி. வசதியான குடும்பம்தான். ஆனால் தந்தைக்குக் கண் பார்வையும் செவியும் குன்றியதால் பதவியை விட்டுவிட நேர்ந்தது. குடும்பம் வர்ஜீனியாவின் கிராமப்புறத்துக்குப் பெயர்ந்தது. அலான்சோ சர்ச் என்று அதே பெயர் கொண்ட உறவினர் ஒருவர் உதவியதால், பையன் கனெக்டிகட் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற பள்ளியில் படிக்க முடிந்தது. அங்கே படிக்கும் காலத்தில் ஏர்கன் விபத்து ஒன்றில் இவருக்கு ஒரு கண் போயிற்று.

இந்த வரியைப் படித்தவுடன் கொஞ்ச நேரம் நான் மேலே படிக்கவில்லை.

1920-இல் பள்ளியை முடித்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1924-இல் பட்டம். அந்தக் காலத்தில்தான், சாலையைக் கடக்கும்போது, பார்வை இல்லாத பக்கத்திலிருந்து வந்த டிராம் வண்டி மோதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே நர்ஸ் பயிற்சியில் இருந்த பெண் மேரி குசின்ஸ்கி. அடுத்த ஆண்டே, 1925-இல், இருவருக்கும் திருமணம்! சினிமாவில் வந்தால் நம்ம பசங்க விசில் அடிப்பாங்க. 1976-இல் மேரி மறையும் வரை ஐம்பதாண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள், மூன்று பிள்ளைகள்.  எங்கள் அப்பாவுக்கு இடது பக்கமாக எப்போதும் அம்மாதான் நடப்பாள். மேரி எந்தப் பக்கம் நடந்தாரோ, அதை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

1927-இல் ஆஸ்வால்டு வெப்லன் என்ற பேராசிரியரின் கீழ் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு, ஜெர்மனியில் கேட்டிங்கன், ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு ஆண்டுகள். 1929-இல் பிரின்ஸ்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

இனிதான் விஷயம். கணிதம் முழுவதையும் சந்தேகமில்லாத ஓர் அஸ்திவாரத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைய அறிஞர்கள் பலர் முயன்றுகொண்டிருந்தார்கள். சர்ச்சும் முயன்றார். 1932-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் லாம்டா வருகிறது. ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்று கூட்டித் தருவது என்ற செயலுக்குப் பெயர் வைக்காமலேயே எழுதிக் காட்ட ஒரு குறி வேண்டும். எந்த எழுத்து, வரப்போகும் மதிப்புக்காகக் காத்திருக்கும் காலி இடம் என்பதை அந்தக் குறி சொல்ல வேண்டும். அதற்கு லாம்டா என்ற கிரேக்க எழுத்தை வைத்தார். அதற்கு முன் வந்த ஒரு பெரிய நூலில் எழுத்தின் தலையில் தொப்பி போட்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தது லாம்டா ஆயிற்று என்று அவரே ஒரு முறை விளக்கியிருக்கிறார். வயதான பிறகு கேட்டவர்களிடம், ஏதோ ஓர் எழுத்து தேவைப்பட்டது, எடுத்தேன் என்ற பாணியில் சொல்லிவிட்டாராம். இரண்டில் எது நிஜமோ! எனக்கென்னவோ தொப்பிக் கதைதான் பிடித்திருக்கிறது.

லாம்டாவில் சிக்கல் எங்கே வருகிறது? ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும்போது வருகிறது. இதற்கு எங்கள் வீட்டு உதாரணமே போதும். எங்கள் வீட்டில் அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பூந்தமல்லியில் சித்தி வீட்டில் அத்தை என்றால் சித்தியின் மாமியார். நான் ஒரு சீட்டில், சாவியை அத்தையிடம் கொடுக்கவும் என்று எழுதி அனுப்பினால், சித்தி அதைத் தன் மாமியாரிடம் கொடுத்துவிடுவாள். சீட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் ஆள் மாறிவிட்டது. எங்கள் வீட்டுச் சொல்லை அந்த வீடு பிடித்துக்கொண்டது. இதைத்தான் வேரியபிள் கேப்சர் என்கிறார்கள்.

சர்ச் இதற்குக் கறாரான விதி வகுத்தார். வெளியிலிருந்து வரும் பெயர் உள்ளே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் பெயரை முதலில் மாற்று, பிறகு வை. மாமியாரை முதலில் பெரியம்மா என்று அழைக்க ஆரம்பித்துவிட்டால் குழப்பம் ஏது? கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 1928-இல் ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் பதிப்பிலேயே, இது போன்றதொரு மாற்றீட்டு விதி சரியாக அமையவில்லை. அவ்வளவு பெரிய ஆட்களே வழுக்கிய இடம் என்று தெரிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

சர்ச்சின் பெரிய கட்டடமும் விழுந்தது. 1935-இல் அவருடைய சொந்த மாணவர்கள் கிளீனி, ராசர் இருவரும், அவருடைய முறைக்குள்ளேயே முரண்பாடு இருப்பதை நிரூபித்துவிட்டார்கள். வாத்தியார் கட்டிய வீட்டை மாணவர்களே இடித்தார்கள்! சர்ச் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. இடிபாட்டில் லாம்டா பகுதி மட்டும் விரிசலின்றி நிற்பதைக் கண்டு, அதைத் தனியே எடுத்துக்கொண்டார். இந்த கிளீனி பற்றி ஒரு சுவையான செய்தி. லாம்டாவை வைத்து ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பது எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை. சர்ச்சே நம்பிக்கை இழந்திருந்தார். பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும்போது கிளீனிக்கு அதற்கு வழி தோன்றிற்றாம். எனக்கு அந்த நாற்காலியில் சாமி பெயர்கூட ஞாபகம் வராது.

1936-இல் சர்ச் உலகப் புகழ் பெற்றார். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஆம், இல்லை என்று இயந்திரம் போலத் தீர்மானித்துச் சொல்லும் பொது முறை ஒன்று உண்டா என்பது அன்றைய பெருங்கேள்வி. கிடையாது, இருக்கவே முடியாது என்று லாம்டாவைக் கொண்டு நிரூபித்தார். அதே ஆண்டில், கடல் தாண்டி இங்கிலாந்தில், 24 வயதே ஆன ஆலன் டியூரிங் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார். இரண்டாவதாக வந்தவனைப் போட்டியாளன் என்று ஒதுக்காமல், சர்ச் அவரைப் பிரின்ஸ்டனில் மாணவராக ஏற்றார். 1938-இல் டியூரிங் டாக்டர் பட்டம் பெற்றது சர்ச்சின் கீழ்தான். டியூரிங் மெஷின் என்று நாம் தேர்வில் எழுதுகிறோமே, அந்தப் பெயரை முதலில் எழுதியவரும் சர்ச்சே. 1937-இல் டியூரிங்கின் கட்டுரைக்கு மதிப்புரை எழுதும்போது வைத்தார்.

அதே 1936-இல் தொடங்கிய குறியீட்டுத் தர்க்க இதழில் மதிப்புரைப் பகுதியை 1979 வரை அவர்தான் கவனித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல், உலகில் யார் என்ன எழுதினாலும் படித்துப் பிழை பார்ப்பது! மனிதர் அப்படி ஒரு ஒழுங்குக்காரர். வகுப்புக்கு வந்தால் முதலில் கரும்பலகையைப் பொடி இல்லாமல் துடைத்து, சில நாள் தண்ணீர் விட்டும் கழுவி, காய்ந்த பிறகே எழுதத் தொடங்குவாராம். குறிப்புகளைப் பல வண்ண மையில் எழுதுவார். நம் லேப்பில் கீபோர்டைத் துடைக்கச் சொன்னாலே எத்தனை முனகல்!

கம்ப்யூட்டருக்கும் லாம்டாவுக்கும் கல்யாணம் செய்து வைத்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958-இல் லிஸ்ப் என்ற மொழியைத் தொடங்கியபோது, பெயரில்லா ஃபங்ஷனுக்கு சர்ச்சின் லாம்டாவை எடுத்துக்கொண்டார். சர்ச்சின் புத்தகத்தில் மீதியெல்லாம் தமக்குப் புரியவில்லை என்பதைப் பின்னாளில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். அந்தப் புரியாத மீதியில்தான் பெயர் மாற்றும் விதி இருந்தது! ஜேம்ஸ் ஸ்லேகிள் என்ற மாணவர் எழுதிய லிஸ்ப் புரோகிராம் தப்பான விடை கொடுத்தது. உள்ளே கொண்டுபோன ஃபங்ஷன், தன் வீட்டு அத்தையை விட்டுவிட்டுப் போன வீட்டு அத்தையைப் பிடித்துக்கொண்டது. சின்னப் பிழைதான், ஸ்டீவ் ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார் என்று மெக்கார்த்தி நினைத்தார். ரஸ்ஸல் ஓர் ஒட்டு வேலை செய்தும் கொடுத்தார். ஆனால் விஷயம் சின்னதாக இல்லை. 1964-இல் பீட்டர் லேண்டின், ஃபங்ஷனையும் அது பிறந்த இடத்தின் வேரியபிள்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குளோஷர் என்று பெயரிட்டார். 1975-இல் வந்த ஸ்கீம் என்ற மொழியில்தான் லிஸ்ப் குடும்பத்துக்குள் அது ஒழுங்காக வந்தது. முதலில் புகார் செய்த ஸ்லேகிளுக்கு இரு கண்ணும் பார்வை கிடையாது என்பதைப் பிறகு படித்து அறிந்தேன்.

சி பிளஸ் பிளஸ்ஸில் லாம்டா வந்தது 2011-இல். அதில் ஒரு சதுர அடைப்பு உண்டு. அதற்குள் சமக்குறி போட்டால் வெளி வேரியபிளின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளும். ஆம்பர்சாண்ட் போட்டால் நகல் எடுக்காது. அது இருக்கும் விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். விலாசத்தில் என்ன ஆபத்து? வாடகை வீட்டு விலாசம் என்பதுதான் ஆபத்து! ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்ளூர் வேரியபிள்கள் வீட்டைக் காலி செய்துவிடும். விலாசத்தை நம்பி லாம்டா போய்க் கதவைத் தட்டினால், அங்கே வேறு குடித்தனம். எங்கள் கதை அதேதான். தொட்டியின் உயரத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ளூர் வேரியபிளாக வைத்து, லாம்டாவில் ஆம்பர்சாண்ட் போட்டு டைமரிடம் ஒப்படைத்துவிட்டோம். லேப்பில் காலி வீட்டில் யாரும் குடிவரவில்லை. பழைய எண்ணே கிடந்தது. வை-ஃபை பகுதி வந்ததும் குடிவந்துவிட்டது. 31 ஆயிரம் என்பது அவர்கள் வீட்டுச் சாமான்.

கம்பைலர் ஏன் சொல்லவில்லை? எங்கள் தப்பு என்னவென்றால், மஞ்சள் மஞ்சளாக வரி வந்து தொல்லை கொடுக்கிறது என்று வார்னிங் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தோம். நெற்றி மேல் ஏற்றி வைத்த கண்ணாடி! வெட்கத்தோடு எல்லாவற்றையும் திறந்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தோம். முப்பதுக்கு மேல் வரிகள் வந்தன. எங்கள் லாம்டாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

இங்கேதான் சர்ச் மறுபடி வருகிறார். உள்ளூர் விலாசத்தைப் பிடித்த லாம்டாவை நேராக ரிட்டர்ன் செய்தால் கிளாங் போன்ற கம்பைலர் கண்டுபிடித்து எச்சரிக்கும். ஆனால் அதை ஒரு டைமரிடமோ திரெட்டிடமோ கொடுத்துவிட்டால், அவர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று கம்பைலருக்குத் தெரியாது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடும்போது என்ன செய்யும் என்று தப்பில்லாமல் தீர்மானிக்கும் பொது முறை இருக்க முடியாது என்பதைப் பிறகு 1953-இல் ரைஸ் என்பவர் முழுமையாக நிரூபித்தார். அதற்கு வேர் சர்ச்சும் டியூரிங்கும் 1936-இல் கண்டதுதான். லாம்டாவைக் கொடுத்த கையே, அதன் எல்லா ஆபத்தையும் பிடிக்கும் கம்பைலர் கிடைக்காது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஆகவே மொழி செய்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்கிறார்கள். 2014-இல் ஜாவாவில் லாம்டா வந்தபோது, மதிப்பு மாறக்கூடிய உள்ளூர் வேரியபிளை உள்ளே எடுக்கவே கூடாது என்றார்கள். 2015-இல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட், ஃபங்ஷன் முடிந்த பிறகும் லாம்டா உயிரோடு இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டாலே வார்னிங் அல்ல, எரர் கொடுத்து நிறுத்திவிடும். நிரபராதிகள் சிலரும் மாட்டுவார்கள். லூப்பில் செய்த லாம்டாக்கள் எல்லாம் ஒரே வேரியபிளைப் பிடித்துக்கொள்ளும் பழைய தொல்லையை கோ மொழி 2024-இல், 1.22 பதிப்பில், விதியையே மாற்றித் தீர்த்தது. சி பிளஸ் பிளஸ் மட்டும் பெரும்பாலும் நம்மையே நம்புகிறது. நம்மை நம்பலாமா என்பதை எங்கள் தொட்டியைக் கேட்டால் சொல்லும். வார்னிங் குறைவாக இருந்தால் நல்லது என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்துப் பொய் எச்சரிக்கைக்கு ஒரு நிஜம் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்.

சர்ச் 1967-இல் பிரின்ஸ்டனை விட்டுக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்குப் போனார். அப்போது வயது 64. நம் ஊரில் பென்ஷன் வாங்கும் வயதில் புது வேலை! 1990 வரை, 87 வயது வரை பாடம் நடத்தினார். 1995 ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், 92 வயதில் காலமானார். பிரின்ஸ்டன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

எங்கள் புரோகிராமில் கடைசியில் மாற்றியது ஒரே ஓர் எழுத்துக்குறி. ஆம்பர்சாண்டை எடுத்துவிட்டுச் சமக்குறி. எனினும் அப்படியே விடாமல், எந்த வேரியபிள் வேண்டுமோ அதன் பெயரையே அடைப்புக்குள் எழுதிவிட்டோம். மொத்தமாக அள்ளிக்கொள்வது சரியில்லை என்று தோன்றியது. மீதி முப்பது வார்னிங்கையும் ஒவ்வொன்றாகத் தீர்க்க நான்கு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நிஜமான தப்புகள்.

டிஸ்ப்ளேயைக் கூடத்தில் வலது பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறோம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரியும் இடத்தில். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே, பாப்பா எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கு, மோட்டார் போடவேண்டாம் என்பார். முதல் வாரம் அதை நம்பாமல் ஒரு நாள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அதன் பிறகு ஏணியை நான் பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கு இரவல் கொடுத்துவிட்டேன். இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.